டோக்கியோ நிஷிகசாய் தமிழ் வீடுகள்: கச்சோ வருகிறார், என்ன ஒயின் வாங்குவது?

*வியாழக்கிழமை*

பிரபு (இரவு 9:12): ஓர் அவசரக் கேள்வி. சனிக்கிழமை எங்கள் கச்சோவும் (ஆபீஸில் என் பிரிவுத் தலைவர்) அவர் மனைவியும் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார்கள். அவருக்குச் சொந்த ஊர் ஒயினுக்குப் பேர்போன யமனாஷி. ஒயின் என்றால் உயிர். எனக்கு பீரைத் தாண்டி எதுவும் தெரியாது. சூப்பர்மார்க்கெட்டில் மலைப் படம் போட்ட ஒரு பாட்டில் வாங்கிவிட்டேன். [படம்]

மாலதி அக்கா (9:14): முதலில் சாப்பாடு என்ன, அதைச் சொல் தம்பி.

நித்யா (9:15): சவாரா மீன் வறுவல், மட்டன் சுக்கா, கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, ரசம், அக்கா. சவாரா நம் வஞ்சிரத்துக்குச் சொந்தக்கார மீன்தானே, மசாலா நன்றாகப் பிடிக்கிறது.

செந்தில் அண்ணன் (9:21): பிரபு, அந்த பாட்டிலை அவர் கண்ணில் காட்டாதே. முன்பக்கத்திலேயே சின்ன எழுத்தில் 'இறக்குமதிச் சாறு பயன்படுத்தியது' என்று இருக்கிறது பார். வெளிநாட்டில் சுண்டவைத்த சாற்றைக் கொண்டுவந்து இங்கே தண்ணீர் சேர்த்துப் புளிக்கவைப்பது. மலை மட்டும்தான் ஜப்பான்.

பிரபு (9:22): அடப்பாவமே. கடையில் ஜப்பான் ஒயின் அடுக்கில்தான் இருந்தது அண்ணா.

செந்தில் அண்ணன் (9:26): அந்தக் குழப்பத்தால்தான் 2018 அக்டோபர் 30 முதல் சட்டம் மாறியது. முழுக்க ஜப்பானில் விளைந்த திராட்சையில், ஜப்பானிலேயே செய்தால்தான் 'நிஹோன் ஒயின்' என்று போடலாம். ஒரே திராட்சையின் பெயரைப் போட வேண்டுமென்றால் 85 சதவீதமாவது அந்தப் பழம் இருக்க வேண்டும். நாளைக்குக் கடையில் இரண்டு பெயரைத் தேடு. வெள்ளையில் கொஷு, சிவப்பில் மஸ்கட் பெய்லி ஏ.

பாண்டியன் (9:28): கொஷு நான் குடித்திருக்கிறேன் அண்ணா. எலுமிச்சை நனைத்த தண்ணீர் மாதிரி இருந்தது. அதற்கா இவ்வளவு விலை?

செந்தில் அண்ணன் (9:29): எதோடு குடித்தாய்?

பாண்டியன் (9:29): சும்மாதான். டிவி பார்த்துக்கொண்டே.

செந்தில் அண்ணன் (9:37): அதுதான் தப்பு. நான் யமனாஷியின் தலைநகர் கோஃபுவில் நான்கு வருடம் இருந்தேன். முதல் வருடம் நானும் இதையேதான் சொன்னேன். கொஷுவைத் தனியாகக் குடிப்பது ரசம் இருக்கும்போது சோற்றை வெறுமனே சாப்பிடுகிற மாதிரி. பக்கத்தில் மீன் வைத்துப் பார். சிவப்பு ஒயினோடு பச்சை மீன் சாப்பிட்டால் வாயில் ஒரு கவிச்சி ஏறும், கவனித்திருக்கிறாயா? ஒயினில் இருக்கும் இரும்புச் சத்துதான் மீன் எண்ணெயோடு சேர்ந்து அந்த வாடையைக் கிளப்புகிறது. 2009-ல் இங்கே ஓர் ஒயின் நிறுவனத்து ஆய்வாளர்களே கண்டுபிடித்து எழுதினார்கள். கொஷுவில் இரும்பு பொதுவாகக் குறைவு. அதனால் சாஷிமி, உப்புத் தொட்ட டெம்புரா, கிரில் மீன் எதோடும் சண்டை போடாது. யுசு, சுதாச்சி என்ற இந்த ஊர் எலுமிச்சைகளைப் பிழிந்த மாதிரி கடைசியில் ஒரு மணம், அவ்வளவுதான்.

நித்யா (9:39): அப்போது வறுவலுக்குக் கொஷு. மிளகாய்த்தூளைக் குறைத்து மிளகு கூட்டட்டுமா?

செந்தில் அண்ணன் (9:40): கூட்டு. மேலே எலுமிச்சை பிழி. புளிக்குழம்போடு மட்டும் எந்த ஒயினையும் ஊற்றாதே, அந்தப் புளிப்புக்கு முன்னால் கொஷு செத்துவிடும். குழம்பு வரும்போது கோப்பையை எடுத்துவிடு, ரசத்தைக் குடிக்கக் கொடு.

மாலதி அக்கா (9:42): கொஷு என்பது வெளிறிய ரோஸ் நிறத்தில் கடையில் வருமே, அந்தத் திராட்சையா?

செந்தில் அண்ணன் (9:48): அதேதான் அக்கா. தோல் ரோஸ், ஒயின் வெள்ளை. ஐரோப்பியத் திராட்சை இனம், மேற்கிலிருந்து சீனா வழியாக வந்தது. வழியில் சீனக் காட்டுத் திராட்சை ரத்தமும் கலந்திருப்பதாக மரபணு ஆய்வில் தெரிந்தது. யமனாஷியின் கட்சுனுமாவில் தைசென்ஜி என்று ஒரு புத்தக் கோயில். 718-ல் கியோகி என்ற துறவி கனவில், திராட்சைக் குலையோடு புத்தர் வந்தாராம். அங்கே மருத்துவ புத்தர் கையில் இன்றும் திராட்சைக் குலை இருக்கும். கோயிலிலேயே ஒயினும் செய்கிறார்கள். பிரபு, இதைச் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார், கச்சோ உருகிவிடுவார்.

பாண்டியன் (9:50): கோயிலில் ஒயினா! எங்கள் ஊரில் சொன்னால் அடிக்க வருவார்கள்.

பிரபு (9:51): மட்டன் சுக்காவுக்கு அந்த இன்னொன்றா?

செந்தில் அண்ணன் (9:58): ஆமாம், பெய்லி ஏ. இதற்குப் பின்னால் ஒரு பிடிவாதக்காரர் இருக்கிறார். நீகாத்தாவின் பனிக்காட்டில் கவகாமி ஜென்பெய் என்ற நிலக்கிழார். 1890-ல் தோட்டம் போட்டார். ஐரோப்பியக் கொடிகள் அந்த ஈரத்திலும் பனியிலும் தேறவில்லை. சொத்தை விற்று விற்று, பத்தாயிரத்துக்கும் மேல் கலப்புகள் செய்து பார்த்தார். 1927-ல் செய்த கலப்பில் வந்ததுதான் இது. அம்மா அமெரிக்க பெய்லி, அப்பா மஸ்கட் ஹாம்பர்க்.

பாண்டியன் (9:59): ஒரு நிமிஷம். மஸ்கட் ஹாம்பர்க்கா?

பாண்டியன் (9:59): அண்ணா அது எங்கள் பன்னீர் திராட்சை!!!

பாண்டியன் (10:01): கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க அதுதான். அதிகாரிகள் ஏட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்றுதான் எழுதுவார்கள். 2023-ல் புவிசார் குறியீடு கூடக் கிடைத்தது. எங்கள் சித்தப்பா தோட்டத்தில் அதன் பந்தலுக்குக் கீழேதான் நான் வளர்ந்தேன்.

செந்தில் அண்ணன் (10:03): அப்படியானால் கச்சோ குடிப்பது உன் பங்காளி வீட்டுச் சரக்கு 😄 கட்சுனுமாவிலும் பந்தல்தான். [படம்] கீழே காற்றோட்டம் இருந்தால் ஈரத்தில் பூஞ்சை பிடிக்காது. மழை பழத்தில் படாமலிருக்க ஒவ்வொரு குலைக்கும் காகிதத் தொப்பி. கையாலேயே போடுவார்கள்.

பாண்டியன் (10:04): தொப்பி போட்ட திராட்சை! இதைச் சித்தப்பாவுக்கு அனுப்புகிறேன்.

செந்தில் அண்ணன் (10:08): பெய்லி ஏ-யில் ஸ்ட்ராபெரி மிட்டாய் வாசம் வரும். சிலருக்கு அது பிடிக்காது. எனக்கும் மரப்பீப்பாயில் போட்டு அந்த வாசத்தை மறைத்தவை பிடிப்பதில்லை, இருப்பதை ஏன் ஒளிக்க வேண்டும்? துவர்ப்பு குறைவு, அதனால் காரம் எரியாது. இவர்கள் சுகியாகி, விலாங்குக் கபயாகி, தாரே தடவிய யாகிடோரி என்று சோயாவும் இனிப்பும் சேர்ந்த பண்டங்களோடு குடிப்பார்கள். சுக்காவில் சின்ன வெங்காயம் நன்றாக வதங்கி இனித்தால் அதே கதைதான். ஊற்றும் முன் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை.

மாலதி அக்கா (10:10): ஹொக்கைடோ ஒயின் என்று எங்கள் மாடி வீட்டம்மா பெருமைப்படுவாளே?

செந்தில் அண்ணன் (10:11): அது வேறு உலகம் அக்கா, குளிர் நாட்டுப் பழங்கள். யோய்ச்சியில் பினோ நுவார் நன்றாக வருகிறது. குளிர்காலத்தில் கொடியே பனிக்குள் புதைந்துவிடும், பனிதான் போர்வை. நாகானோ போனால் மெர்லோ. இப்போது பிரபுவைக் குழப்ப வேண்டாம்.

*சனிக்கிழமை*

பிரபு (இரவு 11:20): விருந்து முடிந்தது. அண்ணா, காலில் விழுகிறேன்.

பிரபு (11:22): நான் கொஷுவை எடுத்து வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே பையிலிருந்து ஓர் இஷ்ஷோபின்னை எடுத்தார்! சாகே பாட்டில் மாதிரி 1.8 லிட்டர், உள்ளே கொஷு. ஊரில் தாத்தாவெல்லாம் இதைத் தேநீர் குடிக்கும் யுனோமியில்தான் ஊற்றிக் குடிப்பாராம். நான் வாங்கி வைத்திருந்த கண்ணாடிக் கோப்பைகள் பெட்டியிலேயே கிடந்தன.

நித்யா (11:24): வறுவல் இரண்டாம் முறை போட்டேன். புளிக்குழம்புக்கு முன்னால் அண்ணன் சொன்னபடி யுனோமியை எடுக்கப் போனேன், அவர் கையால் மூடிக்கொண்டு விடவே இல்லை.

செந்தில் அண்ணன் (11:25): யமனாஷிக்காரரிடம் என் சட்டம் செல்லாது.

பிரபு (11:27): பாண்டியன், பன்னீர் திராட்சை கதையைச் சொன்னேன். அவர் எழுந்தே நின்றுவிட்டார். செப்டம்பர் கடைசியில், அறுவடைக்கு, உன்னையும் கட்சுனுமாவுக்கு அழைத்து வரச் சொன்னார்.

பாண்டியன் (11:28): கார் யார் ஓட்டுவது? இங்கே குடித்தவன் ஓட்டினால் பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் தண்டனை.

மாலதி அக்கா (11:30): என்னைப் பார்க்காதே. ஷின்ஜுகுவில் ரயில் ஏறினால் ஒன்றரை மணி நேரம். ஆமாம் பிரபு, அந்த முதல் பாட்டில் என்ன ஆயிற்று?

பிரபு (11:31): அண்ணன் சொன்ன மாதிரி மறைத்துவிட்டேன். நாளைக்கு மட்டனில் ஊற்றலாம் என்று...

நித்யா (11:31): என் சுக்காவிலா? அது சாயங்காலமே சிங்க்கில் போய்விட்டது.