ஷாம்பெயினுக்குப் பதிலாக எந்த ஒயினை வாங்கலாம்?

கேள்வி (மார்த்தாண்டம்):
அனைவருக்கும் வணக்கம். அப்பா, அம்மாவின் 50ஆவது திருமண நாளை அடுத்த மாதம் வீட்டு முற்றத்தில் பந்தலிட்டுக் கொண்டாடவிருக்கிறோம். கிறிஸ்துமஸ்தோறும் அம்மா பரணியில் போட்டுவைக்கும் திராட்சை ஒயின்தான் எங்கள் வீட்டு வழக்கம் என்றாலும், இந்த முறை கேக் வெட்டியதும் நுரை பொங்கும் ஒயினை ஊற்ற வேண்டும் என்பது பிள்ளைகளின் ஆசை. துபாயிலிருந்து திருவனந்தபுரத்தில் வந்திறங்கும் தம்பி, தீர்வையின்றி 2 லிட்டர் வரை கொண்டுவரலாம் என்பதால், 750 மில்லி பாட்டில்கள் இரண்டை வாங்கி வருவதாகச் சொல்கிறான். ஷாம்பெயின் விலை எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வேறு எதை வாங்கலாம்?

பதில் 1 (நாகர்கோவில்):
அண்ணாச்சி, பிரான்சின் ஷாம்பெயின் வட்டாரத்தில் விளைந்த திராட்சையில் அங்கேயே செய்வதற்கு மட்டும்தான் அந்தப் பெயர்; செய்முறையோ மற்ற ஊர்களிலும் உண்டு. ஒயினோடு ஈஸ்டும் சர்க்கரையும் சேர்த்துப் பாட்டிலை இறுக மூடிவிட்டால், உள்ளேயே மறுபடி நொதித்து, வெளியேற வழியில்லாத வாயு ஒயினிலேயே கரைந்துவிடுகிறது. அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலிலிருந்துதான் அந்தச் சுட்ட ரொட்டி மணம் வருகிறது. ஸ்பெயின் நாட்டுக் காவாவும், பிரான்சின் பிற பகுதிகளில் செய்யும் கிரெமாவும் இதே முறையில் உருவாகின்றன. ஷாம்பெயினைக் குறைந்தது 15 மாதங்கள் வைத்திருந்து விற்க வேண்டும் என்றால், காவாவுக்கு 9 மாதங்கள் போதும். விலை குறைவதற்கு அதுவும் ஒரு காரணம். என் தேர்வு காவாதான். தம்பியால் கொண்டுவர முடியாமற்போனால், நாசிக்கில் இதே முறையில் செய்யப்படும் சுலா புரூட், ஷாண்டோன் ஆகியவற்றையும் தயங்காமல் வாங்கலாம்.

பதில் 2 (குளச்சல்):
முன்னவர் சொன்னது சரிதான், ஆனால் குடிக்கப்போகிறவர்கள் வயதானவர்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீட்டு ஒயினின் இனிப்பில் பழகிய நாக்குக்குக் காவா புளிப்பாகத் தெரியலாம். இத்தாலியின் புரொசெக்கோ, கிளேரா என்னும் திராட்சையிலிருந்து, பெரும்பாலும் பெரிய எஃகுத் தொட்டியில் நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. பேரிக்காய், ஆப்பிள் மணத்தோடு மென்மையாக இருக்கும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: 'எக்ஸ்ட்ரா டிரை' என்று எழுதியிருப்பதுதான் 'புரூட்'டைவிட இனிப்பானது. புரூட்டில் லிட்டருக்கு 12 கிராம் வரைதான் சர்க்கரை இருக்கும். மற்றதில் 12 முதல் 17 கிராம் வரை இருக்கும்.

பதில் 3 (தக்கலை):
எதை வாங்கினாலும் நன்றாகக் குளிரவைத்துத் திறங்கள். என் மகளின் ஞானஸ்நான விருந்தில், வெயிலில் நின்ற காரிலிருந்து எடுத்த கையோடு பாட்டிலைத் திறந்தேன்; பாதி ஒயின் நுரையாகப் பொங்கித் தரையில் போய்விட்டது. இன்றும் அது எனக்கு வருத்தம்தான். ஒரு வாளியில் ஐஸ்கட்டியும் தண்ணீரும் ஒரு பிடி கல்லுப்பும் போட்டு, பாட்டிலைக் கழுத்துவரை அரைமணி நேரம் அமிழ்த்தி வையுங்கள். மூடியின் மேலுள்ள கம்பியை ஆறு அரைச்சுற்றுகளில் தளர்த்திவிடலாம்; அப்போதிலிருந்து கட்டைவிரலைக் கார்க்கிலிருந்து எடுக்கவே கூடாது. ஆள் இல்லாத பக்கம் சாய்த்துப் பிடித்து, கார்க்கை அசைக்காமல் பாட்டிலை மட்டும் மெல்லத் திருப்பினால், பெருமூச்சு விடுவதுபோன்ற சத்தத்தோடு திறந்துகொள்ளும். ஒரு பாட்டிலில் 125 மில்லி வீதம் ஆறு கிளாஸ் ஊற்றலாம். கிளாஸில் சோப்பு ஒட்டியிருந்தால் குமிழி நிற்காது என்பதால், வெந்நீரில் அலசிக் கவிழ்த்து உலரவிடுங்கள்.