புதுப்பிப்பு: பச்சைப் புள்ளியை நம்பிய கதை

பால், நெய் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாத வீகனாக மாறி மூன்று வாரம் நான் பெருமையாகக் கொறித்த மசாலா சிப்ஸில் பால் பொருள் இருந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

"பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்ததே?" என்று பலர் கேட்டீர்கள். இருந்தது. ஆனால் அது சைவம் என்று மட்டும்தான் சொல்லும். பாலும் நெய்யும் அதன் கணக்கில் சைவமே. வீகனுக்கு 2022 விதிப்படி தனி முத்திரை உண்டு, பச்சைக் கட்டத்துக்குள் ஆங்கில ‘வி’யும் சின்ன இலையும். எங்கள் தெரு மளிகைக் கடையில் இதுவரை கண்ணில் படவில்லை.

சரி என்று ஞாயிற்றுக்கிழமை அலமாரியைக் காலி செய்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் பொடி எழுத்தைப் படித்தேன். ரஸ்க்கில் ‘மில்க் சாலிட்ஸ்’. சூப் பொடியிலும் அதே. ‘நான்-டெய்ரி’ (பால் பொருள் அல்லாதது) என்று கொட்டை எழுத்தில் போட்ட காபி க்ரீமரில் சோடியம் கேசினேட். அது பால் புரதம்தான்! இப்போதெல்லாம் பொருள் பட்டியலை அடுத்து வரும் ‘கன்டெயின்ஸ் மில்க்’ (பால் உள்ளது) வரியைத்தான் முதலில் தேடுகிறேன். ‘மே கன்டெயின்’ (இருக்கலாம்) என்றிருந்தால் வாங்கிவிடுவேன், அது பெரும்பாலும் பால் பொருள் ஓடிய அதே மெஷினில் இதுவும் ஓடியதற்கான எச்சரிக்கை.

இத்தனையும் படித்துவிட்டு, இரவு கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டது மோர் மிளகாய். பெயரிலேயே மோர்! அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. இந்த முறை எனக்கென்று கொஞ்சம் மிளகாயை உப்பிலும் எலுமிச்சைச் சாற்றிலும் ஊறவைத்து, மொட்டைமாடியில் தனித்தட்டில் காயப்போட்டிருக்கிறார்.