புதுப்பிப்பு: ஸ்பானிய மருத்துவக் குறிப்பில் இரண்டு 'ஏ.பி.'

முன்பு கேட்டது: ஸ்பெயின் அவசரப் பிரிவுக் குறிப்பில் 'ஏ.பி.' என்ற சுருக்கம் இரண்டு இடத்தில் வருகிறதே, ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? தெளிவாகிவிட்டது. மேலே, சர்க்கரை நோய், ரத்த அழுத்தத்துக்கு முன்னால் இருப்பது நோயாளியின் முந்தைய நோய் வரலாறு. கீழே, உடல் பரிசோதனையில் 'எம்.வி.சி.'யோடு வருவது நுரையீரல் ஒலி. 'எம்.வி.சி.' என்றால் மூச்சொலி இயல்பு என்று பொருள்.

மூன்று பொருள் தரக்கூடிய 'ஐ.ஆர்.ஏ.' என்ற சுருக்கம்தான் உண்மையான கண்ணி. திடீர் சிறுநீரகச் செயலிழப்பா, மூச்சுச் செயலிழப்பா, சுவாசத் தொற்றா? ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு) ஏறியிருந்தால் முதலாவதாக இருக்கலாம். ஆக்சிஜன் சரிந்திருந்தால் இரண்டாவது. இரண்டுமே இருந்தால் ஊகிக்க வேண்டாம்: மூலச் சுருக்கத்தை அப்படியே விட்டு, எழுதிய மருத்துவருக்குக் கேள்வி அனுப்புங்கள்.

'இ.இ.ஐ.ஐ.' பயமுறுத்தினாலும் எளிது. ஸ்பானியச் சுருக்கங்களில் எழுத்து இரட்டித்தால் பன்மை. இது வெறும் கால்கள். அப்புறம், ஸ்பெயினில் 'கொன்ஸ்திபாதோ' என்றால் ஜலதோஷம், மலச்சிக்கல் அல்ல.