வீட்டுக்காரருக்கு மெடிகேர் கார்டு வந்துவிட்டது, ஹெச்.எஸ்.ஏ. பணம் என்ன ஆகும்?

எடிசன் புதுவரவு:
எல்லோருக்கும் வணக்கம். மார்ச்சில்தான் மதுரையிலிருந்து அமெரிக்காவுக்கு, நியூஜெர்சி எடிசனுக்கு வந்தேன். வீட்டுக்காரர் இங்கே ரொம்ப வருஷமாக வேலை பார்க்கிறார். நேற்று தபாலில் அவர் பெயருக்கு மெடிகேர் கார்டு, அதாவது வயதானவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் கார்டு, வந்திருக்கிறது. நாங்கள் அதற்கு விண்ணப்பமே போடவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் ஹெச்.எஸ்.ஏ. என்கிற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்குப் பணம் பிடிக்கிறார்கள். மெடிகேர் வந்த பிறகு பிடிக்கக் கூடாது, அபராதம் உண்டு என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இந்த மாதக் கடைசியோடு வேலை வேறு முடிகிறது. சேர்த்த பணம் போய்விடுமா? தூக்கமே வரவில்லை. யாராவது சொல்லுங்கள்.

டல்லாஸ் மாமா:
பயப்படாதீங்கம்மா. பெற்றோரை கிரீன் கார்டில் அழைத்து வருகிற எல்லோரும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே வேலை பார்த்த கணக்கு இல்லாதவர்களுக்கு, 65 வயதானாலும் 5 வருஷம் தொடர்ந்து குடியிருந்த பிறகுதான் மெடிகேர். அப்போதும் ஆஸ்பத்திரிச் செலவுக்கான பார்ட் ஏ சும்மா வராது, 2025-இல் மாதம் 518 டாலர் வரை. எங்கப்பா வந்த முதல் குளிர்காலத்திலேயே நிமோனியா. அந்த ஆஸ்பத்திரி பில்லைத் தவணையில் கட்டியே எங்கள் முதல் வருஷம் போனது.

சியாட்டில் செல்வி:
அண்ணா, அவங்க கேட்டது ஹெச்.எஸ்.ஏ. பற்றி. அக்கா, டிசம்பருக்குள் மொத்தத்தையும் செலவழித்துவிடுங்கள். இல்லையென்றால் கம்பெனிக்கே போய்விடும். எங்களுக்குப் போனது.

ஃப்ரீமாண்ட் ராஜி:
செல்வி, நீங்கள் சொல்வது எஃப்.எஸ்.ஏ., கம்பெனி வழியாக நடக்கும் வேறு கணக்கு. ஹெச்.எஸ்.ஏ. அவர் பெயரில் உள்ள சொந்தக் கணக்கு. வேலை போனாலும் வருஷம் முடிந்தாலும் அவருடையதுதான்.

டல்லாஸ் மாமா:
எந்தக் கணக்காக இருந்தால் என்ன, ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரி ஒரு பில், லேப் ஒரு பில், டாக்டர் ஒரு பில். மூன்றும் வேறு வேறு மாதத்தில் வரும்.

சியாட்டில் செல்வி:
அதைச் சொல்லுங்க. ஊரில் காலையில் டோக்கன் போட்டால் சாயங்காலத்துக்குள் டாக்டரைப் பார்த்துவிடலாம். இங்கே தோல் டாக்டருக்கு மாதக்கணக்கில் காத்திருக்கணும்.

ஃப்ரீமாண்ட் ராஜி:
புலம்பல் அப்புறம் இருக்கட்டும். அக்கா, இதையெல்லாம் சொல்லுங்கள். அவருக்கு என்ன வயது? அரசின் சோஷியல் செக்யூரிட்டி பென்ஷனுக்கு விண்ணப்பித்தாரா? கார்டில் பார்ட் ஏ-க்கு நேரே என்ன தேதி? டாக்டர் செலவுக்கான பார்ட் பி இருக்கிறதா? உங்களுக்கு என்ன வயது, அவருடைய இன்ஷூரன்ஸில் நீங்களும் இருக்கிறீர்களா?

எடிசன் புதுவரவு:
அவருக்கு 66 முடிந்துவிட்டது. வேலை போகிறது என்று தெரிந்ததும் செப்டம்பரில் பென்ஷனுக்குப் போட்டார். கார்டில் சிவப்பு, நீலக் கோடு. பார்ட் ஏ மட்டும் இருக்கிறது, மார்ச் 1 என்று தேதி. பார்ட் பி இல்லை, வேண்டாம் என்று சொல்லியிருந்தாராம். எனக்கு 59. ஏப்ரலில் இருந்து அவர் இன்ஷூரன்ஸில்தான் இருக்கிறேன். ஆபீஸில் 300 பேர் இருப்பார்கள்.

ஃப்ரீமாண்ட் ராஜி:
இப்போது விளங்கிவிட்டது. 65-க்குப் பிறகு பென்ஷன் வாங்கினால் பார்ட் ஏ-யும் தானாகவே வரும், வேண்டாம் என்று ஒதுக்க முடியாது. 6 மாதம் வரை பின்தேதியிட்டும் வரும். அதனால்தான் செப்டம்பரில் போட்டதற்கு மார்ச் தேதி. பென்ஷன் கேட்பதற்கு 6 மாதம் முன்பே ஹெச்.எஸ்.ஏ. பிடித்தத்தை நிறுத்தச் சொல்வது இதற்காகத்தான். இதை எந்த ஆபீஸும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம்.

பணம் போகாது. நாளைக்கே ஹெச்.ஆரில் சொல்லிப் பிடித்தத்தை நிறுத்துங்கள். இந்த வருஷம் அவருக்கு ஜனவரி, பிப்ரவரிக்கு உரிய பங்குதான், அதாவது வருஷ உச்சவரம்பில் 12-இல் 2. அதற்கு மேல் போட்டதை, கம்பெனி போட்டதையும் சேர்த்து, கணக்கு இருக்கும் இடத்தில் ‘அதிகப்படி தொகையைத் திரும்ப எடுக்கும் படிவம்’ கேட்டு வாங்கி எடுக்கணும். அதில் வந்த வட்டியும் கூடவே வரணும். வரித் தாக்கல் கெடுவுக்குள் எடுத்தால் அந்தத் தொகைக்கு வருமான வரி மட்டும். விட்டுவிட்டால் வருஷா வருஷம் 6 சதவீதம் தனி வரி. சாதாரணமாகச் செலவுக்கு எடுப்பதுபோல் எடுத்துவிடாதீர்கள், கணக்கு தப்பாகப் பதிவாகிவிடும்.

மீதி இருப்பதை மருத்துவச் செலவுக்கு வரியில்லாமல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம். பார்ட் பி, மருந்துக்கான பார்ட் டி பிரீமியத்தையும் அதிலிருந்தே கட்டலாம். மெடிகேருக்குத் துணையாகத் தனியாக வாங்கும் மெடிகேப் பிரீமியத்துக்கு மட்டும் கூடாது.

இதைவிட அவசரம் பார்ட் பி. வேலை முடிந்ததும் கோப்ரா (கம்பெனி இன்ஷூரன்ஸைச் சொந்தக் காசில் தொடர்வது) எடுத்துக்கொள்ளலாம், பார்ட் பி பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். கோப்ராவை வேலையில் இருக்கும் இன்ஷூரன்ஸாக மெடிகேர் ஏற்காது. வேலை முடிந்து 8 மாதம்தான் கெடு. தவறினால் தாமதமான ஒவ்வொரு 12 மாதத்துக்கும் பிரீமியத்தில் 10 சதவீதம் கூடும், அவர் பார்ட் பி-யில் இருக்கும்வரை அது தொடரும். பார்ட் பி விண்ணப்பமான 40பி படிவத்தோடு, வேலையில் இன்ஷூரன்ஸ் இருந்ததற்குச் சான்றாக ஆபீஸ் நிரப்பித் தரும் எல்564 படிவத்தையும் இந்த மாதத்துக்குள் கொடுத்தால் அடுத்த மாதம் 1-ஆம் தேதியே பார்ட் பி வந்துவிடும்.

உங்களுக்கு மெடிகேர் இல்லை. உங்கள் பெயரில் கோப்ரா எடுக்கலாம், அந்த பிரீமியத்தை அவருடைய ஹெச்.எஸ்.ஏ.விலிருந்து கட்டலாம். இல்லையென்றால் 60 நாளுக்குள் நியூஜெர்சி அரசின் இன்ஷூரன்ஸ் தளத்தில் சேரணும். இன்னொன்று: அவரால் இனி போட முடியாது, ஆனால் அதே ஹெச்.எஸ்.ஏ. தகுதியுள்ள பிளானில் இருக்கும்வரை நீங்கள் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து போடலாம். 55 தாண்டியதால் வருஷத்துக்கு 1,000 டாலர் கூடுதல் வரம்பும் உங்களுக்கு உண்டு.

டல்லாஸ் மாமா:
அப்போ என் ஹெச்.எஸ்.ஏ.விலிருந்து அம்மாவின் பார்ட் பி கட்டலாமா? எனக்கு 47.

ஃப்ரீமாண்ட் ராஜி:
கூடாது அண்ணா, கணக்குக்காரருக்கு 65 ஆகியிருக்கணும். அம்மா வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தவராக இருந்தால் அவர்களுடைய டாக்டர் பில்லைக் கட்டலாம்.

எடிசன் புதுவரவு:
ரொம்ப நன்றிம்மா. ஹெச்.ஆரில் பேசிவிட்டார், அடுத்த சம்பளத்திலிருந்து பிடிக்க மாட்டார்களாம். எல்564 வெள்ளிக்கிழமை தருகிறார்கள். ஜனவரியில் ஊருக்குப் போகும்போது பல் கட்டலாம் என்று இருக்கிறேன், அந்தச் செலவை எடுக்கலாமா?

ஃப்ரீமாண்ட் ராஜி:
தாராளமாக. டாக்டர் பெயர், தேதி, என்ன சிகிச்சை என்று எழுதிய ரசீது வாங்கி வையுங்கள். அங்கே மருந்து வாங்கி இங்கே கொண்டு வந்தால் அந்தச் செலவு சேராது.