ரேடியோவில் பேசினால் பிளொட்டர் அணைகிறது, ரேடியோவில் இடமும் வரவில்லை. யாராவது உதவுங்கள்

கல்லடிப்பாய்

என்னிடம் 22 அடி பாய்ப்படகு ஒன்று இருக்கிறது. ஃபைபர் உடம்பு, கைமாறி வந்த பழைய படகு. மட்டக்களப்பு வாவிக்குள் ஓடும்வரை எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. இந்த முறை முகத்துவாரத்தால் வெளியே இறங்கிப் பாசிக்குடா வரை போகலாம் என்று ஒரு ஆசை. அதற்காகக் கடலில் மற்றப் படகுகளோடு பேசும் 25 வாட் வி.எச்.எப் ரேடியோ வாங்கிப் பூட்டினேன். படகு நிற்கும் இடத்தை வரைபடத்தில் காட்டும் ஜி.பி.எஸ் பிளொட்டர் முந்தின சொந்தக்காரர் விட்டுப்போனது, நன்றாக வேலை செய்கிறது.

பேசும் பொத்தானை அமத்தினால் பிளொட்டர் அணைந்து திரும்ப எழும்புகிறது. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். அடுத்தது, இரண்டுக்கும் நடுவே என்.எம்.இ.ஏ 0183 வயர் (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் முறை) கொடுத்தும் ரேடியோ திரையில் இடம் வரவில்லை, வெறும் கோடுகள்தான் நிற்கின்றன. நீலத்துக்கு நீலம், பிரவுனுக்கு பிரவுன் என்று நிறம் பார்த்துச் சரியாகத்தான் இணைத்தேன்.

பற்றரி புதியது, 12.6 வோல்ட் காட்டுகிறது. கரண்ட் வயர் வீட்டு வேலையில் மிஞ்சிய 1/1.13. பற்றரியிலிருந்து ஆறு மீற்றர் தூரம். கச்சான் காற்று எழும்புவதற்குள் முடித்துவிட வேண்டும்.

பாடுமீன்

பற்றரியைப் பெரிதாக்குங்கள். எனக்கும் ஒருமுறை இப்படித்தான் இருந்தது, 100 ஏ.எச் போட்டதும் சரி.

வாழைச்சேனை போட்காரன்

புதுப் பற்றரிக்கு ஏன் காசைக் கொட்ட வேண்டும்? குற்றம் வயரில் இருக்கிறது தம்பி. 1/1.13 என்றால் ஒரு சதுர மில்லிமீற்றர். போக ஆறு, வர ஆறு, மொத்தம் 12 மீற்றர் செம்பு, தடை 0.2 ஓமுக்குக் கொஞ்சம் மேலே. 25 வாட்டில் பேசும்போது ரேடியோ ஐந்தாறு அம்பியர் இழுக்கும். வயரிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் போய்விடுகிறது. பிளொட்டரும் அதே வயரில்தானே தொங்குகிறது?

பிளொட்டரின் கரண்ட் முனையில் மல்ரிமீற்றரை வைத்துக்கொண்டு பொத்தானை அமத்திப் பாருங்கள். பிறகு ஒரு வாட்டுக்கு மாற்றி அதையே செய்யுங்கள். அன்ரனா பூட்டாமல் அமத்த வேண்டாம், ரேடியோ எரியும். 16ஆம் சனலிலும் வேண்டாம், அது ஆபத்துக்கு அழைக்கிற சனல்.

கல்லடிப்பாய்

பார்த்தேன் அண்ணன். சும்மா இருக்கும்போது 12.4. 25 வாட்டில் பேசினால் 9.7க்கு விழுந்து பிளொட்டர் அணைகிறது. ஒரு வாட்டில் 11.9, அணையவில்லை.

வாழைச்சேனை போட்காரன்

அப்போ வயர் மட்டுமில்லை. 2.7 வோல்ட் காணாமல் போகிறது. வயர் தின்பது ஒன்றேகால்தான், மிச்சம் ஏதோ ஒரு இணைப்பில் போகிறது. யாரையாவது பொத்தானை அமத்தச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் இரண்டு பக்கமும் மீற்றர் முனைகளை வையுங்கள். நல்ல இணைப்பென்றால் கிட்டத்தட்ட பூச்சியம் காட்டும். நெகட்டிவ் பக்கத்தை முதலில் பாருங்கள். எல்லோரும் பொசிட்டிவைத்தான் துடைப்பார்கள்.

ஒலுவில் நானா

கரண்ட் கதையை அவர் பார்த்துக்கொள்வார், நான் டேட்டா வயரைச் சொல்கிறேன். 0183இல் நிறத்துக்கு ஒரு பொது விதி கிடையாது. ஒரு கம்பெனியின் நீலம் அனுப்பும் வயர், இன்னொரு கம்பெனியின் நீலமும் அனுப்பும் வயராக இருக்கலாம். இரண்டு வாயையும் சேர்த்துக் கட்டிவிட்டு ஏன் ஒருவருக்கும் கேட்கவில்லை என்று கேட்டால் எப்படி மகன்? இரண்டு புத்தகத்தையும் திறந்து பெயரைப் பாருங்கள். பிளொட்டரின் டி.எக்ஸ் (அனுப்பும் வயர்), ரேடியோவின் ஆர்.எக்ஸ் (கேட்கும் வயர்) பிளஸ்ஸுக்கு. ரேடியோவின் ஆர்.எக்ஸ் மைனஸ், பிளொட்டரின் டி.எக்ஸ் மைனஸுக்கு, பிளொட்டரில் அப்படியொரு வயர் இல்லையென்றால் அதன் கிரவுண்டுக்கு. இந்த மைனஸைத்தான் பலபேர் அந்தரத்தில் விட்டுவிடுவார்கள்.

டேட்டா வருகிறதா என்று பார்க்க லெப்டொப் வேண்டாம். சின்ன எல்.ஈ.டி ஒன்றோடு ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டரைச் சேர்த்து டி.எக்ஸுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பிடியுங்கள், எரியாவிட்டால் திருப்பிப் பிடியுங்கள். டேட்டா வந்தால் நொடிக்கொருமுறை துடிக்கும்.

கல்லடிப்பாய்

நெகட்டிவ் பக்கம்தான். பியூஸ் பெட்டிக்குப் பின்னால் நாலு வயரைச் சேர்த்து இறுக்கிய ஒரு ஸ்குரூ. வெளியே பளபளவென்றுதான் இருந்தது. கழற்றினால் உள்ளே லக் (வயர் முனையில் அடிக்கும் உலோக வளையம்) முழுவதும் பச்சை, நகத்தால் சுரண்டினால் மாவாகக் கொட்டுகிறது. பேசும்போது அந்த ஒரு இடத்தில் மட்டும் 1.4 வோல்ட். எமரி பேப்பரால் துடைத்து, புது லக் அடித்து, ரேடியோவுக்குத் தனியாக 4 சதுர மில்லிமீற்றர் ஈயம் பூசிய பல இழை வயர் இழுத்துவிட்டேன். இப்போது 25 வாட்டிலும் 12க்குக் கீழே போகவில்லை.

டேட்டா வயரையும் மாற்றினேன் நானா. எல்.ஈ.டி துடிக்கிறது. ஆனால் ரேடியோவில் இன்னும் கோடுதான்.

ஒலுவில் நானா

துடிக்கிறதென்றால் பேசுகிறது, ஆனால் ரேடியோவுக்கு விளங்காத வேகத்தில். பிளொட்டரின் செட்டிங்கில் போர்ட் வேகம் என்ன?

கல்லடிப்பாய்

38400.

ஒலுவில் நானா

அதுதான். முந்தின ஆள் பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் ஏ.ஐ.எஸ் பெட்டி வைத்திருந்திருப்பார், அதற்குத்தான் அந்த வேகம். சாதாரண 0183 பேசுவது 4800இல். மாற்றுங்கள். ஆர்.எம்.சி வரியை அனுப்பச் சொல்லியிருக்கிறதா என்றும் பாருங்கள், அதில்தான் இடம், வேகம், திகதி எல்லாம் சேர்ந்து வரும்.

இன்னொன்று. ரேடியோவின் சிவப்பு மூடிக்குள் இருக்கும் ஆபத்துப் பொத்தான், படகின் அடையாளமான ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ எண் போட்டால்தான் வேலை செய்யும். இலங்கைப் படகுகளுக்கு 417இல் தொடங்கும். முறையாக எடுத்துப் போடுங்கள். மனதில் வந்த எண்ணை அடித்துவிட்டால் பல ரேடியோக்களில் திரும்ப மாற்ற முடியாது.

கல்லடிப்பாய்

வந்துவிட்டது! 7 பாகை 45 கலை வடக்கு, 81 பாகை 41 கலை கிழக்கு. பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு என் படகு எங்கே நிற்கிறது என்று ரேடியோ சொல்ல, பக்கத்துத் தோணிக்காரர் சிரிக்கிறார். அவருக்கு அது பிறந்ததிலிருந்தே தெரியுமாம்.

சின்னக் கேள்வி ஒன்று மிச்சம். பொத்தானை அமத்தும்போது திசைகாட்டியின் ஊசி பத்துப் பாகை அளவு ஆடுகிறது. முன்பு இப்படி இருந்ததில்லை.

வாழைச்சேனை போட்காரன்

புது வயர் திசைகாட்டிக்குக் கீழால் போகிறதா? பொசிட்டிவும் நெகட்டிவும் தள்ளித் தள்ளிப் போனால் நடுவே காந்தம் உண்டாகும். இரண்டையும் கயிறு போல முறுக்கிக் கொண்டுபோங்கள், ஒன்று மற்றதைக் கழித்துவிடும். ரேடியோவின் ஸ்பீக்கரையும் முழ அளவாவது தள்ளி வையுங்கள், அதற்குள்ளும் காந்தம்தான்.

கல்லடிப்பாய்

முறுக்கிவிட்டேன். ஊசி அசையவில்லை.