நியூட்ரான் ஸ்டாருக்குள்ள டார்க் மேட்டர் இருந்தா ஈர்ப்பு அலைல தெரியுமா?

ராத்திரிவானம்:
2017 ஆகஸ்ட் 17 அன்னிக்கு லைகோ, விர்கோங்கிற ஈர்ப்பு அலை (காலவெளில பரவுற சிற்றலை) பிடிக்கிற கருவிகள் பிடிச்ச ரெண்டு நியூட்ரான் ஸ்டார் (வெடிச்ச பெரிய நட்சத்திரத்தோட இறுகின மிச்சம்) மோதல் பத்தி படிச்சிட்டிருந்தேன், உள்ள டார்க் மேட்டர் இருந்தா சிக்னலே மாறும்னு போட்டிருந்துச்சு. வெளிச்சத்துக்கே சிக்காத சமாச்சாரம் இதுல மட்டும் எப்படி மாட்டும்? காலேஜ் பிசிக்ஸ் லெவல்ல யாராச்சும் சொல்லுங்கப்பா.

சுழல்_பல்சர்:
வெளிச்சத்துக்கு சிக்காது, ஆனா எடை இருக்குல்ல ப்ரோ, அது போதும். ரெண்டு ஸ்டாரும் நெருங்கி சுத்தும்போது ஒண்ணை ஒண்ணு இழுத்து லேசா நீட்டிவிடும், நிலா கடலை இழுக்குற அதே கதைதான், அந்த நெளிவுக்கான எனர்ஜி சுத்துற பாதைல இருந்துதான் போகணும், அதனால கொஞ்சம் சீக்கிரமே மோதிடும், கடைசி சில சுத்துல அலையோட ஃபேஸ், அதாவது ஏத்த இறக்கம் வர்ற நேரம், தள்ளிப்போகும். எவ்ளோ நெளியும்னு சொல்ற நம்பருக்கு லாம்ப்டானு பேரு. அதுல ரேடியஸ் 5ஆவது அடுக்குல வருது, அதாவது ரேடியஸ் 10 சதவீதம் குறைஞ்சாலே அந்த அடுக்கு மட்டும் 40 சதவீதம் கீழ போயிடும்!! டார்க் மேட்டர் நடுவுல போய் உக்காந்தா ஸ்டார் இறுகி லாம்ப்டா குறையும், வெளிய மேகம் மாதிரி பரவி நின்னா கூடும்.

சந்தேகம்சாமி:
தியரி சரி, அவ்ளோ டார்க் மேட்டர் எங்கேர்ந்து வரும்? நம்ம பக்கத்துல இருக்குற ஒரு நியூட்ரான் ஸ்டார் நூறு கோடி வருஷம் டார்க் மேட்டரை இழுத்து சேர்த்தாலும் சூரியன் எடைல லட்சம் கோடில ஒரு பங்கு கூட தேறாது. லாம்ப்டா கண்ணுக்கு தெரியுற அளவு மாறணும்னா சில சதவீதமாச்சும் வேணும். அதனாலதான் ஸ்டார் பிறந்த சூப்பர்நோவா வெடிப்புலயே டார்க் மேட்டர் உருவாச்சு, நியூட்ரானே டார்க் துகளா சிதையுதுனு வேற வழி தேடுறாங்க. அணுவுக்கு வெளிய தனியா இருக்குற நியூட்ரானோட ஆயுசு பாட்டில்ல அடைச்சு வெச்சு அளந்தா சுமார் 878 செகண்ட், பீமா பாயவிட்டு அளந்தா 888, அந்த இடைவெளிய காட்டி 2018ல ஃபோர்னல், க்ரின்ஸ்டீன்னு ரெண்டு பேர் கிளப்பின ஐடியா அது. ஆனா அப்படி சிதைஞ்சா சூரியனைப் போல 2 மடங்கு எடையுள்ள ஸ்டாரே நிக்காது, டார்க் துகள்கள் ஒண்ணை ஒண்ணு தள்ளினாதான் தப்பிக்கும். நிஜத்துல நிக்குதே, ஜே0740+6620ங்கிற பல்சர் (சுழலுற நியூட்ரான் ஸ்டார்) 2.08 சூரிய எடை கிட்ட.

ராத்திரிவானம்:
அப்போ 2017 சிக்னல்ல என்னதான் தெரிஞ்சுது?

சுழல்_பல்சர்:
1.4 சூரிய எடை ஸ்டாருக்கு லாம்ப்டா 70ல இருந்து 580க்குள்ள எங்கயோ. இவ்ளோ அகலத்துல டார்க் மேட்டரும் ஒளிஞ்சுக்கலாம், சாதாரண அணு பிசிக்ஸ்ல நமக்கு புரியாததும் ஒளிஞ்சுக்கலாம். இதுதான் பெரிய தலைவலி.

சந்தேகம்சாமி:
ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு தல. வெறும் அணு பிசிக்ஸ்னா ஒரே எடைக்கு ஒரே லாம்ப்டாதான் வரணும், டார்க் மேட்டர் கலந்திருந்தா ஒவ்வொரு ஸ்டாரும் எங்க பிறந்துச்சு, எவ்ளோ சேர்த்துச்சுங்கிறதப் பொறுத்து ஒரே எடைலயே வேற வேற வரலாம். அத பிரிச்சுப் பாக்க நிறைய மோதல் வேணும், அதுக்குதான் ஐன்ஸ்டைன் டெலஸ்கோப், காஸ்மிக் எக்ஸ்ப்ளோரர்னு அடுத்த தலைமுறை ஈர்ப்பு அலை கருவிகளுக்கு பிளான் போட்டிருக்காங்க. மோதின பிறகு வர்ற அலை 2லேர்ந்து 4 கிலோஹெர்ட்ஸ், இன்னும் நிறைய சொல்லும், ஆனா அந்த ஏரியால லைகோவுக்கு சத்தம் ஜாஸ்தி, 2017லயே அது கேக்கல.