அரியாலை மணல் பாதையில் சைக்கிள் ஓட்டுபவர்கள் உதவ முடியுமா?

வணக்கம் உறவுகளே. கண்டி வீதியின் பஸ் இரைச்சலுக்குள் அகப்படாமல், ஒழுங்கைகள் வழியாக அரியாலை கிழக்குப் பக்கம் மலைச் சைக்கிள் ஓட்டி வருகிறேன். மலையே இல்லாத ஊரில் மலைச் சைக்கிளா என்று அம்மம்மா சிரிக்கிறார். பனங்கூடல் மணலில் ஒருமுறை மிதித்துப் பார்த்தால் அவருக்கும் விளங்கும்.

சிக்கல் முள்தான். கடந்த ஞாயிறு மூன்று தடவை காற்றுப் போனது. ரயரைக் கழற்றி உள்ளே விரலால் தடவினேன். நெருஞ்சி முள் இரண்டு, உடைமுள் ஒன்று. நுனிகள் ஒடிந்து ரப்பருக்குள் புதைந்து கிடந்தன. காற்றைக் குறைத்தால் சக்கரம் மணலில் புதைவதில்லை. ஆனால் கல் ஒழுங்கையில் ரிம் இடித்து ரியூப் கிழிகிறது.

26 அங்குல ரியூபுக்குள் ஊற்றும், ஓட்டை அடைக்கும் திரவம் யாழ் நகரில் எங்கே கிடைக்கும்? பழைய ரியூபை வெட்டி ரயருக்குள் உறையாக வைத்தவர்கள் இருக்கிறீர்களா, பலன் தந்ததா?

இன்னொன்று. ஐப்பசி மழை பிடிக்குமுன் மணற்காட்டு மணல்மேடுகள் வரை போய்வர ஆசை. பருத்தித்துறை வீதியைத் தவிர்த்து வல்லை வெளியை அடைய உள்வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். கூட வருவதென்றாலும் சந்தோஷம். காற்றடிக்கும் பம்ப் என்னிடம் இருக்கிறது.